வரிப்பந்தாட்டத்தில் வரவும் செலவும்

(இளங்கலை வணிகவியல், மூன்றாம் ஆண்டு)

விளையாட்டு என்றதும் மதுரைச் சீமையில் பிறந்த நமக்கு நினைவுக்கு வருவன அலங்காநல்லூர் வாடிவாசலும், கோடை விடுமுறையில் ஊர்தோறும் விளக்குப் போட்டு நடக்கும் கபடிப் பந்தயமுமே ஆகும். டென்னிஸ் எனப்படும் வரிப்பந்தாட்டம் நம்மில் பலருக்குச் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் காணும் ஒரு படம், அவ்வளவே. அப்படியிருக்க, வணிகவியல் மாணவனாகிய நான் இதைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். காரணம் என் வீட்டிலேயே இருக்கிறது.

என் சித்தப்பா மதுரையில் ஒரு மன்றத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மார்க்கராக வேலை பார்க்கிறார். மார்க்கர் என்பவர், உறுப்பினருக்கு ஆடத் துணை கிடைக்காத நாளில் வலைக்கு மறுபுறம் நின்று பந்தைத் திருப்பி அடித்துக் கொடுப்பவர். அதிகாலையில் மண் தளத்துக்குத் தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, வலை கட்டுபவரும் அவரே. வலை நடுவில் மூன்று அடி உயரம் இருக்க வேண்டும் என்பது விதி. சித்தப்பா இதற்கு அளவுகோல் எடுத்து நான் பார்த்ததில்லை. ஒரு மட்டையை நெட்டாக நிறுத்தி, அதன்மேல் இன்னொரு மட்டையின் தலையைக் குறுக்கே வைப்பார். 27 அங்குலமும் 9 அங்குலமும் சேர்ந்து 36 அங்குலம். கணக்குச் சரியாக இருக்கும்.

அவருடைய மகன், என் தம்பி, நன்றாக ஆடுகிறான். உறுப்பினர்கள் வருவதற்கு முன்பு, காலை ஐந்து மணி முதல் ஆறு மணி வரை தளம் அவனுக்கு. ஆறு மணி அடித்ததும் பந்து பொறுக்கும் பையனாகிவிடுவான். 'இவன் பெரிய ஆட்டக்காரனாக வருவான்' என்று உறுப்பினர் பலரும் சொல்லிச் சொல்லி, வீட்டில் ஒரு கேள்வி முளைத்துவிட்டது. அந்தக் கேள்விக்கு விடை தேடிய கதையே இக்கட்டுரை.

2024 ஜனவரியில் ஆஸ்திரேலியப் போட்டியின் முதல் சுற்றில், அரியானாவைச் சேர்ந்த சுமித் நாகல், தரவரிசைச் சலுகை பெற்றிருந்த கஜகஸ்தான் வீரர் புப்ளிக்கை நேர் செட்களில் வென்றார். 1989-இல் இதே ஆஸ்திரேலியாவில் நம் ரமேஷ் கிருஷ்ணன், அப்போது உலகின் முதல் வீரராயிருந்த மாட்ஸ் விலாண்டரை வீழ்த்தியதற்குப் பின், 35 ஆண்டுகள் கழித்து இந்தியர் ஒருவர் ஒற்றையர் பிரிவில் இப்படிச் செய்தார். அடுத்த மாதம் நாகல் சென்னையில் ஆட வருகிறார் என்று தெரிந்ததும் சித்தப்பா இரண்டு நாள் விடுப்புக் கேட்டார். பாண்டியன் எக்ஸ்பிரஸில் நாங்கள் மூவரும் எழும்பூர் போய் இறங்கினோம். வண்டியில்தான் சித்தப்பா மெல்லக் கேட்டார்: "நீ கணக்குப் படிக்கிறவன்தானே? இந்த ஆட்டத்துக்கு ஒரு கணக்குப் போட்டுச் சொல்லுப்பா. இவனை இதுல விடலாமா, வேணாமா?"

தம்பி மேல் படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்தான், அல்லது தூங்குவது போல் இருந்தான்.

படிகள்

முதலில் அமைப்பை அறிந்து கொள்வோம். விம்பிள்டன் முதலிய நான்கு பெரும் போட்டிகள் உச்சியில் உள்ளன. அவற்றின் கீழே தொழில்முறை ஆட்டக்காரர் சங்கமான ஏ.டி.பி. நடத்தும் பெரிய போட்டிகள். 1997 முதல் 2017 வரை சென்னை நுங்கம்பாக்கத்தில் நடந்து, பின் புனேக்குப் போன போட்டி இந்த வகையைச் சேர்ந்தது. அதற்கும் கீழே 'சாலஞ்சர்' என்ற வகை. எல்லாவற்றுக்கும் அடியில், உலக டென்னிஸ் கூட்டமைப்பின் எம்-25, எம்-15 என்னும் போட்டிகள். எம் என்பது ஆடவரைக் குறிக்கும். 15 என்பது மொத்தப் பரிசு 15,000 டாலர் என்பதைக் குறிக்கும்.

மொத்தம் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அதை 32 ஒற்றையரும் இரட்டையர் ஆட்டக்காரரும் பங்கிட்டுக் கொள்ள வேண்டும். ஐந்து ஆட்டங்கள் வரிசையாக வென்று கோப்பை வாங்குபவருக்கு 2,160 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக் கொண்டால் ரூ.1,83,600. முதல் ஆட்டத்திலேயே தோற்பவருக்கு 156 டாலர், அதாவது ரூ.13,260. ஒரு வாரச் சாப்பாடு, விடுதி, மட்டைக்கு நரம்பு கட்டும் கூலி, வந்த வழிச் செலவு, போகும் வழிச் செலவு ஆகிய யாவும் இந்தப் பதின்மூவாயிரத்துக்குள் அடங்க வேண்டும். நம் பக்கத்துக் கபடிப் பந்தயத்தில்கூட வெளியூர் அணிக்குச் சோறு போட்டு, பள்ளிக்கூடத்தில் படுக்க இடம் கொடுப்பார்கள். சாலஞ்சர் போட்டியில் பிரதான சுற்று ஆட்டக்காரருக்கு விடுதி அறை உண்டு. அதற்குக் கீழே பெரும்பாலும் அவரவர் பாடு.

பணத்தைவிட முக்கியம் புள்ளி. எம்-15-ஐ வெல்பவருக்கு 15 புள்ளி. இறுதியில் தோற்பவருக்கு 8. ஆனால் விம்பிள்டன் போன்ற பெரும் போட்டியின் பிரதான சுற்றில் நுழைந்து, முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்புபவருக்கு 10 புள்ளி. கீழே நான்கு ஆட்டம் வென்றவனுக்கு எட்டு, மேலே ஒன்றும் வெல்லாதவனுக்குப் பத்து! பணத்திலும் இதே கதைதான். 2024 ஆஸ்திரேலியப் போட்டியில் முதல் சுற்றில் தோற்றவருக்கே 1,20,000 ஆஸ்திரேலிய டாலர் கிடைத்தது. ஏறத்தாழ ஐந்து எம்-15 போட்டிகளின் மொத்தப் பரிசுக்குச் சமம். மேல்படிக்கும் கீழ்ப்படிக்கும் இத்தனை இடைவெளி வைத்த ஏணியை நான் வேறெந்தத் தொழிலிலும் கேள்விப்பட்டதில்லை.

இதில் நம் பாடத்துக்கு நெருக்கமான ஒன்றும் உண்டு. வாங்கிய புள்ளி 52 வாரங்களுக்கு மட்டுமே செல்லும். அடுத்த ஆண்டு அதே வாரம் வந்ததும் அது கழிந்துவிடும். தேய்மானம் என்று நாம் படிக்கிறோமே, பத்து விழுக்காடு, பதினைந்து விழுக்காடு என்று. இங்கே ஆண்டுக்கு நூறு விழுக்காடு. சொத்து என்று ஏட்டில் எழுதி வைக்க எதுவும் மிஞ்சாது. முழங்கால் தேய்மானத்தை யாரும் கணக்கில் எடுப்பதுமில்லை.

நுங்கம்பாக்கத்தில் கண்டது

2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. சாலஞ்சர் இறுதியாட்டம். நாகலுக்கு எதிரே இத்தாலியின் லூகா நார்டி, இருபது வயதுப் பையன். 6-1, 6-4 என்று நாகல் வென்றார். நூறு புள்ளி. மறுநாள் வெளியான தரவரிசையில் அவர் 98-ஆம் இடத்துக்கு வந்தார். 2019-க்குப் பிறகு முதல் நூறில் நுழைந்த முதல் இந்தியர்.

ஆட்டத்தின் நடுவில் சித்தப்பா பந்தைப் பார்க்கவில்லை. கால்களையே பார்த்துக் கொண்டிருந்தார். கடினத் தளத்தில் காலணி கிறீச்சிடும் ஒலி அவருக்குப் புதிது. இதைச் சற்று விளக்க வேண்டும்.

நெல் அடிக்கும் இடத்தை நாம் களம் என்கிறோம். ஆடும் இடத்தையும் களம் என்கிறோம். மேலூர்ப் பக்கம் களத்துக்குச் சாணம் மெழுகுவது போலவே, ஒரு காலத்தில் தென்னாட்டில் பல டென்னிஸ் தளங்களுக்கும் சாணம் மெழுகினார்கள். புல் தளத்துக்குத் தண்ணீர் மிகுதியாக வேண்டும். வைகையை நம்பி அதை வளர்க்க முடியாது. மண் தளத்துக்கு அன்றாடம் ஆள் வேண்டும். என் சித்தப்பா போன்ற ஆள். கடினத் தளம் என்பது தார் அல்லது கான்கிரீட்டின் மேல் அக்ரிலிக் பூச்சைப் பல அடுக்காகத் தடவுவது. பூச்சில் மணல் கலப்பார்கள். மணல் கூடினால் பந்து பிடிபட்டு மெதுவாக எழும்பும். குறைந்தால் வழுக்கி விரையும். ஒரு தளத்தின் வேகத்தையே மணலைக் கொண்டு தீர்மானிக்கிறார்கள் எனலாம். மழை பெய்து நின்றால் துடைத்துவிட்டு உடனே ஆடலாம். ஆகவேதான் இந்தியாவில் நடக்கும் இத்தகைய போட்டிகளில் பெரும்பாலானவை கடினத் தளத்தில் நடக்கின்றன.

ஆனால் மண்ணில் கற்றவன் சறுக்கிக்கொண்டே போய்ப் பந்தை எடுப்பான். கடினத் தளத்தில் அப்படிச் செய்தால் கணுக்கால் போய்விடும். சிறு சிறு அடியாக வைத்து நின்று, திரும்ப வேண்டும். நின்று திரும்பும் ஒவ்வொரு முறையும் அதிர்ச்சி முழங்காலுக்கும் இடுப்புக்கும் ஏறும். நாகலே 2021-இல் இடுப்பில் அறுவை செய்துகொண்டவர். "இவன் காலு நம்ம மண்ணுக்குப் பழகின காலு" என்றார் சித்தப்பா, தம்பியைக் காட்டி. வெற்றி விழாவின் கைதட்டலுக்கிடையே அவர் சொன்னது இது ஒன்றுதான்.

தோற்ற நார்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு இதில் மிகவும் பிடித்த செய்தி அது. சரியாக ஒரு மாதம் கழித்து, மார்ச் 11-இல், அமெரிக்காவின் இந்தியன் வெல்ஸ் போட்டியில், தகுதிச் சுற்றில் தோற்றும் வேறொருவர் விலகியதால் இடம் கிடைத்த அந்தப் பையன், உலகின் முதல் வீரராயிருந்த நோவாக் ஜோகோவிச்சை மூன்று செட்களில் வென்றான். அவனுடைய தரவரிசை அப்போது 123. நுங்கம்பாக்கத்தில் நான்கைந்து வாரங்களுக்கு முன் நாங்கள் பார்த்த அதே மட்டை, அதே கை. கீழ்ப்படியில் நிற்பவர்கள் ஆட்டம் தெரியாதவர்கள் என்ற என் எண்ணம் அன்றோடு போயிற்று. திறமையில் இடைவெளி மிகச் சிறியது. வருமானத்தில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள இடைவெளி.

ஏடு

இனி கணக்கு. நாகலின் கணக்கையே எடுத்துக் கொண்டேன். அவரே வெளிப்படையாகச் சொன்ன கணக்கு அது. 2023 செப்டம்பரில், நாட்டின் முதல் ஒற்றையர் ஆட்டக்காரராயிருந்தபோது, தம் வங்கிக் கணக்கில் 900 யூரோ மட்டுமே இருப்பதாகச் செய்தியாளரிடம் அவர் கூறினார். சுமார் 80,000 ரூபாய். அவ்வாண்டு அதுவரை 24 போட்டிகளில் ஆடி ஏறத்தாழ 65 லட்சம் சம்பாதித்திருந்தார். அதில் பெரும் தொகை எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்கப் பெரும் போட்டியின் தகுதிச் சுற்றில் முதல் ஆட்டத்தில் தோற்றதற்கு: 22,000 டாலர்! செலவோ ஆண்டுக்கு 80 லட்சத்திலிருந்து ஒரு கோடி. அதுவும் உடன் பயணம் செய்யும் பயிற்சியாளர் ஒருவரோடு. ஏட்டின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட எப்போதும் கனமாக இருந்தது.

இது ஒருவருடைய கதை மட்டுமன்று. டென்னிசில் நேர்மை குறித்து ஆராய அமைக்கப்பட்ட தனிக் குழு 2018-இல் தந்த அறிக்கையின்படி, தொழில்முறை ஆட்டக்காரர் என்று பெயர் பெற்றவர் சுமார் 15,000 பேர். அவர்களில் கைப்பிடித்தம் இல்லாமல் வாழ்பவர் முதல் 250 முதல் 350 பேர் மட்டுமே. பந்தயக்காரர்கள் ஆட்டத்தை விலைக்கு வாங்குவது கீழ்ப்படிகளில்தான் மிகுதி என்பதையும் அதே அறிக்கை சொல்கிறது. ஆட்டக்காரனைக் குறை சொல்லுமுன் அந்த 156 டாலரை நினைக்க வேண்டும் என்பது என் கருத்து. 2024 முதல் ஏ.டி.பி. சங்கம் ஒரு குறைந்தபட்ச வருமான உறுதியைக் கொண்டு வந்தது: முதல் நூறு பேருக்கு 3,00,000 டாலர், 175 வரை 1,50,000, 250 வரை 75,000. நல்ல ஏற்பாடு. ஆனால் 251-ஆம் ஆளுக்கு அதில் இடமில்லை.

வரவைக் கூட்ட ஆட்டக்காரனால் ஓரளவுக்கு மேல் முடியாது. செலவைக் குறைக்கலாம். இங்கேதான் சொந்த நாட்டில் நடக்கும் போட்டியின் மதிப்பு புரிகிறது. 2023-இல் நாகல் தரவரிசையில் 500-க்கு அப்பால் கிடந்தார். இதே சென்னை சாலஞ்சரில் அரையிறுதி வரை வந்தார். அதன்பின் அவ்வாண்டே உரோமிலும் பின்லாந்தின் தாம்பெரேயிலும் பட்டம் வென்றார். எழுவதற்கு ஒரு முதல் அடி வேண்டும். அது விமானக் கட்டணம் இல்லாத தூரத்தில் இருந்தது. சென்னைக்கு அடுத்த வாரம் பெங்களூரு, அதற்கடுத்த வாரம் புனே. இரயிலில் போய்ச் சேரலாம்.

'நம் பணத்தில் போட்டி நடத்தி அயல்நாட்டானுக்குப் புள்ளி கொடுப்பதா?' என்று ஒரு பேராசிரியர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. 2023-இல் ஆஸ்திரேலியாவின் மேக்ஸ் பர்செல் சென்னை, பெங்களூரு, புனே மூன்றையும் மூன்று வாரங்களில் வென்று, முதல் நூறுக்குள் போய்விட்டார். நம்மவர் கையில் கோப்பை இல்லை. ஆனால் வெளியார் வராவிட்டால் அது தேசியப் போட்டி; புள்ளி கிடையாது. நாகல் வென்ற நூறு புள்ளிக்கு மதிப்பு வந்தது எதிரே நார்டி நின்றதால். அந்த நூறும் 2025 பிப்ரவரியில் கழிந்தது. நாகலும் முதல் நூறிலிருந்து இறங்கினார். தேய்மானம் என்றேன் அல்லவா?

வேறொரு வழி

முன்னாளில் இந்தக் கவலை வேறு மாதிரி இருந்தது. தென்காசியில் தந்தையிடம் ஆட்டம் பயின்ற ராமநாதன் கிருஷ்ணன் 1954-இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்றார். 1960, 1961 இரண்டாண்டும் அங்கே அரையிறுதி ஆடினார். 1968-க்கு முன் பெரும் போட்டிகளில் பணம் வாங்கி ஆடும் தொழில்முறையாருக்கே இடமில்லை. இன்று அந்த வாழ்க்கையைப் பின்பற்ற முடியாது.

இன்று பின்பற்றக்கூடிய எடுத்துக்காட்டு நம் ஊரிலிருந்தே கிடைத்தது. மதுரையைச் சேர்ந்த தட்சிணேஸ்வர் சுரேஷ், ஆறடி ஐந்தங்குல உயரம். அமெரிக்காவில் ஜார்ஜியா க்வின்னட் கல்லூரியிலும், பின்னர் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்திலும் படித்துக்கொண்டே ஆடியவர். அப்பல்கலைக்கழக அணி 2025-இல் அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியப் பட்டத்தை வென்றது. 2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் டேவிஸ் கோப்பை ஆட்டம். அதுவரை இந்தியாவுக்காக ஒரு முறைகூட ஆடியிராத சுரேஷை இறக்கினார்கள். அவர் தரவரிசை 626. எதிரே 155-ஆம் இடத்திலிருந்த ஜெரோம் கிம். 7-6, 6-3 என்று சுரேஷ் வென்றார். இந்தியா 3-1 என்று வென்றது. ஐரோப்பிய அணியை அதன் மண்ணிலேயே நாம் வென்றது 1993-க்குப் பின் அதுவே முதல் முறை.

அன்றிரவு எங்கள் தெருவில் வெடி வெடிக்கவில்லை. சித்தப்பா மட்டும் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நடந்துகொண்டிருந்தார்.

என் ஏட்டில் இதை இப்படி எழுதினேன். பதினெட்டு வயதில் நேராக எம்-15 போட்டிகளுக்குப் போனால் பயிற்சியாளர், பயணம், தளம், விடுதி எல்லாம் குடும்பத்தின் தலையில். கல்லூரி உதவித்தொகை கிடைத்தால் நான்காண்டுகள் அவற்றைக் கல்லூரி ஏற்கிறது. முடிவில் ஒரு பட்டமும் கையில் இருக்கிறது. 2023 முதல், அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் முன்னணிக்கு வருபவர்களுக்குச் சாலஞ்சர் போட்டிகளில் சில இடங்களும் ஒதுக்கப்படுகின்றன. அதாவது கீழ்ப்படிகள் சிலவற்றைத் தாண்டிக் கால் வைக்கலாம். ஆனால் அந்தக் கல்லூரியின் பார்வையில் விழ, இளையோர் போட்டிகளில் பெயர் வர வேண்டும். அதற்கும் ஊர் ஊராகப் போக வேண்டும். கடினத் தளத்தில் பழக வேண்டும். நம் ஊரில் அதற்கு மணிக்கணக்கில் வாடகை. நான் போட்ட கணக்கில் அந்த வாடகையும், வருடத்துக்கு ஆறு வெளியூர்ப் போட்டிகளின் இரயில் செலவும் சேர்ந்து சித்தப்பாவின் நான்கு மாதச் சம்பளத்தைத் தின்றன. நன்கொடை என்ற தலைப்பில் ஒரு வரியை வெறுமையாகவே விட்டு வைத்தேன்.

சென்ற தீபாவளிக்கு மறுநாள் ஏட்டைக் கொண்டுபோய்ச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். மண் தளத்துக்கு ஓரத்தில் உருளையின் மேல் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். எம்-15 பக்கத்தில் தலையை ஆட்டினார். நாகலின் 900 யூரோவில், "அவனுக்கேவா?" என்றார். சுரேஷின் பக்கத்தில் வெகுநேரம் நின்றார்.

"இந்த அமெரிக்கக் காலேஜுக்குப் பாஸ் மார்க் போதுமா?"

"போதாது சித்தப்பா. பள்ளிக்கூட மார்க்கும் பார்ப்பாங்க. இங்கிலீஷ்ல தனிப் பரீட்சையும் உண்டு."

அவர் ஏட்டை மூடினார். வலைக்கு அப்பால் பழைய பந்துகளை வாளியில் போட்டுக்கொண்டிருந்த தம்பி இப்போது பத்தாம் வகுப்பு. எத்தனை செட் ஆடினாய், எத்தனை சர்வீஸ் உள்ளே விழுந்தது என்று தவிர அவனிடம் அவர் வேறெதுவும் கேட்டு நான் அறிந்ததில்லை.

"ஏலேய், இங்க வா" என்று கூப்பிட்டார். "காலாண்டுல இங்கிலீஷ்ல எவ்வளவு?"